பழைய உலக நாணயங்கள்: பாதுகாப்பதும் பட்டியலிடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பெரியவர் ஒருவர் விட்டுப்போன தகர டப்பா. உள்ளே நூறோ இருநூறோ காசுகள். பாதிக்கு மேல் எந்த நாடு என்றே தெரியவில்லை. சில கருத்துப் போயிருக்கின்றன, சிலவற்றில் பச்சை பூத்திருக்கிறது. இப்படி ஒரு சேகரிப்பு கைக்கு வந்தவர்களும், சொந்தமாகச் சேர்க்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விலை நிலவரம் இங்கே கிடைக்காது.

டப்பாவைத் திறந்ததும் முதல் வேலை என்ன?

எதையும் கலைக்காமல் படம் எடுப்பது. எந்தக் காசு எந்த உறையில் இருந்தது, எவையெல்லாம் ஒரே பொட்டலத்தில் கிடந்தன என்பது படத்தில் பதிந்துவிட வேண்டும். பழைய உறைமேல் பென்சிலால் எழுதிய ஒரு வரி, மங்கிப்போன விலைச்சீட்டு, ஏல எண் எல்லாமே அந்தக் காசின் வரலாறு. உறையைக் குப்பையில் போட்டுவிட்டால் அந்த விவரத்தை எந்த நிபுணராலும் மீட்டுத் தர முடியாது.

ஆனால் பழைய காகித உறையும் காசும் இனிமேலும் ஒன்றாக இருக்க வேண்டாம். பல காகிதங்களில் அமிலமும் கந்தகமும் உண்டு. காசைப் புதிய உறைக்கு மாற்றி, பழைய உறைக்கு அதே எண்ணைக் கொடுத்துத் தனிக் கோப்பில் வையுங்கள்.

கருத்துப்போன காசுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

கூடாது. அதிகம் பேர் கேட்பதும், பதிலைக் கேட்டபின் அதிகம் பேர் மீறுவதும் இதைத்தான். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதிதாக அச்சான காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் ஒளி ஒரு சக்கரம்போலச் சுழலும். காசை அச்சு அழுத்தும்போது உலோகம் வெளிப்பக்கமாக வழிந்தோடி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது. ஒளியைச் சுழல வைப்பவை அந்த வரிகள்தாம். பற்பசையோ உலோகப் பாலிஷோ போட்டு ஒருமுறை தேய்த்தால் வரிகள் மழுங்கிப்போகும். காசு பளபளக்கும், ஆனால் அந்தச் சுழல் ஒளி போயிருக்கும். பழகிய கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும். சேகரிப்பாளர் யாரும் முழு விலை தரமாட்டார்.

வெள்ளியின் கருமை, காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டான வெள்ளி சல்பைடு. பெரும்பாலும் அதனால் தீங்கில்லை. விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக நீலம், ஊதா, பொன்னிறம் என்று மாறும் கருமைக்கு ஆசைப்பட்டுக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு. இதை நீக்க விற்கும் அமிலக் கரைசல்களில் முக்கினால் சல்பைடோடு சேர்ந்து வெள்ளியின் மேல்தோலும் கரைகிறது. எலுமிச்சையும் வினிகரும் செம்பின் பழுப்பை உரித்து, இயற்கைக்கு ஒவ்வாத ஒரு வெளிறிய இளஞ்சிவப்பை விட்டுச் செல்லும். அந்தப் பழுப்பு உருவாக எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அப்படியானால் ஒட்டியிருக்கும் மண், அழுக்கு?

அதை எடுக்கலாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள். தேவைப்பட்டால் மென்மையான சோப்புக் கரைசல் ஒரு சொட்டு. அழுக்கு தானாகக் கழன்றால் சரி, இல்லையென்றால் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவிடுங்கள். வெளியே எடுத்து மெத்தென்ற துணிமேல் வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு, பசைநாடாவின் ஒட்டு போன்றவற்றுக்குத் தூய அசிட்டோன் நல்லது. நகப்பூச்சு அழிப்பானில் வாசனையும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது ஆகாது. கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. வண்ணம் பூசிய காசுகளை மட்டும் இதில் போடாதீர்கள்.

இரும்பு, துத்தநாகக் காசுகளுக்குத் தண்ணீரும் வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது செம்பும் நிக்கலும் ஆயுதத் தொழிலுக்குப் போய்விட, நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் ஆகிய நாடுகளில் துத்தநாகக் காசுகள் புழங்கின. அவை ஈரம் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

காசில் பச்சை படிந்திருக்கிறது. ஆபத்தா?

எந்தப் பச்சை என்பதைப் பொறுத்தது. மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கெட்டியாக, வழவழப்பாக, காசோடு காசாகப் படிந்திருக்கும் கரும்பச்சை என்றால் அது செம்பின் பழைய களிம்பு. அது காசைக் காக்கிறது, தொட வேண்டாம்.

பிசுபிசுப்பான பச்சை, அதுவும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்த காசில் இருந்தால், பிவிசி உறையின் வேலை. அந்த பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்காகச் சேர்த்த பொருள் காலப்போக்கில் கசிகிறது. பிளாஸ்டிக்கும் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. வெள்ளி, செம்பு, நிக்கல் எதையும் விடாது. உறையைத் தூர எறிந்துவிட்டு, காசை அசிட்டோனில் சில நிமிடம் போட்டு, புதிய அசிட்டோனில் இன்னொருமுறை அலசி, காற்றில் உலர விடுங்கள். அமிலம் ஏற்கெனவே அரித்துவிட்ட இடம் திரும்பி வராது. அரிப்பு அதற்குமேல் பரவாமல் இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் கெட்டது. வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல உதிரும். பல்குச்சியால் சுரண்டினால் வந்துவிடும். சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். இதன் பெயர் வெண்கல நோய். மண்ணில் புதைந்திருந்த அல்லது உப்புக்காற்றில் கிடந்த செம்பு, வெண்கலக் காசுகளில் குளோரைடு உள்ளுக்குள் தங்கிவிடுகிறது. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்ததும் அது வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்ன, சுழற்சி ஓயாமல் ஓடுகிறது. கிருமி எதுவும் இல்லாததால் தொற்றாது. ஆனாலும் அந்தக் காசைத் தனியே எடுத்து, புதிய சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஈரம் குறைந்தால் வினை நின்றுவிடும். அருங்காட்சியகங்களில் இதற்கு பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அது நச்சு, வீட்டில் முயல வேண்டாம். அரிய காசு என்றால் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள், சாதாரணக் காசு என்றால் உலர வைப்பதோடு விட்டுவிடுங்கள்.

எதில் போட்டு வைப்பது?

பாலிஎஸ்டர், பாலிஎதிலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன், அக்ரிலிக் இவை ஐந்தும் காசோடு வம்புக்குப் போகாதவை. பாலிஎஸ்டர் படலம் மைலார் என்ற பெயரில் கிடைக்கும். கொஞ்சம் விறைப்பாக, மடக்கினால் சலசலக்கும். குழைவாக வளைந்து, புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் பிவிசி என்று சந்தேகப்படலாம். 'காப்பகத் தரம்' என்று அட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எந்தப் பொருளால் ஆனது என்று கேளுங்கள்.

நடுவில் மைலார் ஜன்னல் வைத்த சதுர அட்டைகள் மலிவு. முன்னும் பின்னும் தெரியும். ஓரத்தில் எழுதவும் இடம் உண்டு. அவற்றின் சிக்கல் ஸ்டேப்ளர் முள்தான். நான்கு பக்கமும் குத்தியதும் முள்முனையைக் குறடால் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்து அட்டையைக் கிழிக்கும். காசை வெளியே எடுக்கும்போது முள்ளையெல்லாம் முதலில் கழற்றுங்கள். பாதி பிரித்த அட்டையிலிருந்து உருவும்போது விழும் கீறல்தான் நல்ல காசுகளில் அதிகம் காணக் கிடைப்பது. மதிப்புள்ளவற்றுக்கு அக்ரிலிக் கேப்ஸ்யூல் வாங்கிவிடலாம்.

ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, செய்தித்தாள் மூன்றையும் பக்கத்தில் விடாதீர்கள். கந்தகம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். மரப்பெட்டி ஆசை இருந்தால் ஓக் வேண்டாம், அதிலிருந்து அசிட்டிக் அமில ஆவி வரும். பழைய நாணய அலமாரிகளை மஹோகனியில் செய்தார்கள்.

ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம்?

40 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால் செம்புக் காசுகளுக்கும் கவலையில்லை. ஒரு சின்ன ஈரப்பதமானியை டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். அறையில் தொங்குவது டப்பாவின் கதையைச் சொல்லாது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திப் போடுங்கள். தீப்பிடிக்காத பெட்டகத்தில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல பெட்டகங்களின் சுவருக்குள் இருக்கும் காப்புப் பொருள் மெல்ல ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

கையுறை கட்டாயமா?

விளிம்பை மட்டும் பிடித்து, கீழே மெத்தென்ற துணி விரித்து வேலை செய்தால் கழுவி உலர்த்திய வெறுங்கை போதும். பருத்திக் கையுறையில் பிடி நழுவும். காசு தரையில் விழுவதைவிட விரல் ரேகை எவ்வளவோ மேல். பழக்கம் போதவில்லை என்று தோன்றினால் நைட்ரைல் கையுறை.

பட்டியலில் என்னென்ன எழுத வேண்டும்?

இன்னொருவர் காசைப் பார்க்காமலேயே, உங்கள் குறிப்பை மட்டும் படித்து அது எது என்று சொல்ல முடிய வேண்டும். அதற்கு வேண்டியதை எழுதுங்கள். ஒரு மாதிரிப் பதிவு:

எண் 0147. பிரிட்டன், ஐந்தாம் ஜார்ஜ். 1 பென்னி, 1912. ஆண்டுக்கு இடப்பக்கம் சின்ன 'எச்' எழுத்து: பர்மிங்ஹாமின் ஹீட்டன் அக்கசாலை (காசு அச்சடிக்கும் ஆலை). வெண்கலம். எடை 9.31 கிராம், விட்டம் 30.8 மி.மீ. விளிம்பு வழவழப்பு. இரு பக்கமும் ஒரே திசை. அரசரின் காதோரம் தேய்ந்திருக்கிறது. பின்பக்கம் பிரிட்டானியாவின் கேடயத்துக்குக் கீழே ஒரு வெட்டு. டப்பாவில் 'கப்பல்' என்று எழுதிய உறையில் இருந்தது. மைலார் அட்டை, பெட்டி 2.

எடையை 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து எழுதுங்கள். இந்தக் காசின் முறையான எடை 9.45 கிராம்; 0.14 குறைந்திருப்பது தேய்மானம். 'பெரிய செம்புக் காசு' என்று எழுதி வைத்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

திசையைப் பார்க்க, காசின் மேல்நுனியையும் கீழ்நுனியையும் விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கம் நேராக வந்தால் ஒரே திசை, தலைகீழாக வந்தால் எதிர்த்திசை. 20ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் காசுகள் முதல் வகை, அமெரிக்கக் காசுகள் இரண்டாம் வகை. வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அது பிழையச்சாகவோ போலியாகவோ இருக்கலாம். அதனால்தான் இந்த ஒரு சொல்லையும் விடக்கூடாது.

அக்கசாலைக் குறியை லென்ஸ் வைத்துத் தேடுங்கள், 10 மடங்கு போதும். ஜெர்மன் காசுகளில் ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூ, ஜே ஹாம்பர்க். மெக்சிகோ காசில் எம் எழுத்தின் தலைமேல் குட்டியாக ஓ. 1918இல் பம்பாயில் அச்சான சவரன் என்ற பிரிட்டிஷ் தங்கக் காசில் ஐ. ஒரே ஆண்டு, ஒரே படம் என்றாலும் இந்த ஒற்றை எழுத்தால் காசின் அருமை முற்றிலும் மாறிவிடும்.

நாடு வாரியாக எண் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். எண் வந்த வரிசையில் ஓடட்டும், நாடு தனிப் பத்தியில் இருக்கட்டும். நாடுகள் உடைகின்றன, சேர்கின்றன, பெயர் மாற்றிக்கொள்கின்றன. யூகோஸ்லாவியக் காசை எங்கே வைப்பது என்று எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எக்செல் கோப்பு போதும். எந்த மென்பொருளில் ஏற்றினாலும் திரும்ப வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். எண்ணை அட்டையில் எழுதுங்கள், ஒருபோதும் காசின்மேல் ஒட்டாதீர்கள்.

காசில் உள்ள ஆண்டைப் படிக்கவே முடியவில்லையே?

பட்டியலிடுவதில் சுவாரஸ்யமான பகுதி இதுதான். அரபு எண்களில் சுழியம் ஒரு புள்ளி. 5 ஒரு சின்ன வட்டம். 6 பார்க்க நமது 7போல இருக்கும். 7 ஆங்கில வி எழுத்து, 8 அதைக் கவிழ்த்தது. எண்கள் இடமிருந்து வலமாகத்தான் ஓடும். ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ நம் ஆண்டு கிடைக்கும்.

உதுமானியப் பேரரசின் காசுகளிலும், அதன்கீழ் இருந்த எகிப்தின் காசுகளிலும் ஒரு கண்ணி உண்டு. 1293 என்று இருப்பது காசு அச்சான ஆண்டு இல்லை. இரண்டாம் அப்துல் ஹமீது அரியணை ஏறிய ஆண்டு, அதாவது 1876. காசில் வேறோர் இடத்தில் தனியாக இன்னொரு எண் இருக்கும். அது 29 என்றால், ஆட்சியின் 29ஆம் ஆண்டு. 1293உடன் 28ஐக் கூட்டி 1321. நம் கணக்கில் 1903-04. அந்தச் சின்ன எண்ணைப் பார்க்காமல் '1876' என்று எழுதி வைத்த பட்டியல்கள் ஏராளம்.

ஈரான் காசில் 1330 என்று இருந்தால் இன்னும் நிதானம் தேவை. சந்திரக் கணக்கு என்றால் 1912ஐ ஒட்டியது, பின்னாளில் வந்த சூரியக் கணக்கு என்றால் 1951. எந்த மன்னர், என்ன உலோகம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். அதே நாட்டில் 1976 முதல் 1978 வரை 2535, 2536, 2537 என்று மூன்றாவதாக ஒரு கணக்கும் வந்து போனது.

மற்றவை எளிது. ஜப்பானில் மன்னரின் ஆட்சியாண்டு: மெய்ஜிக்கு 1867, தாய்ஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925 கூட்டுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜப்பானியக் காசுகளை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தாய்லாந்தின் பௌத்த ஆண்டிலிருந்து 543 கழியுங்கள். நேபாளத்தின் விக்ரம ஆண்டிலிருந்து 57. எத்தியோப்பியாவுக்கு 7 அல்லது 8 கூட்டல். பட்டியலில் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள், காசில் உள்ளது ஒரு பத்தி, நீங்கள் மாற்றியது இன்னொரு பத்தி. மாற்றியது தவறினால் மூலம் பக்கத்திலேயே இருக்கும்.

நம் கணக்கிலேயே ஆண்டு இருந்தால் அதை அப்படியே நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். பெயர்பெற்ற விதிவிலக்கு மரியா தெரேசா தாலர் என்ற வெள்ளிக் காசு. ஆஸ்திரிய அரசி 1780இல் இறந்தார். செங்கடல் வட்டார வணிகர்களும் எத்தியோப்பியர்களும் அவர் முகம் பதிந்த வெள்ளியைத்தான் கேட்டு வாங்கினார்கள் என்பதால், அதே 1780 என்ற ஆண்டோடு அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னா மட்டுமின்றி ரோம், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பர்மிங்ஹாம் என்று பல ஊர் அக்கசாலைகள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பம்பாயும். எடை எங்கும் 28.06 கிராம் அளவில்தான், வெள்ளி ஆயிரத்துக்கு 833. அரசியின் மார்பிலுள்ள பதக்கத்தின் முத்துகளையும், பின்பக்கக் கழுகின் வால் இறகுகளையும் எண்ணித்தான் எந்த ஊர், எந்தக் காலம் என்று பிரிக்கிறார்கள். அதைச் செய்யும்வரை '1780 தேதியிட்டது, பின்னாளைய அச்சாக இருக்கலாம்' என்று எழுதினால் போதும்.

கே.எம். எண் என்பது என்ன?

கிராஸ், மிஷ்லர் என்ற இருவர் பெயரின் முதலெழுத்துகள். 1972இல் வெளிவரத் தொடங்கிய அவர்களின் உலக நாணயப் பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் நாட்டுக்கு நாடு ஒன்றிலிருந்து தொடங்குவதால் நாட்டின் பெயரில்லாமல் தனியாக எழுதினால் பயனில்லை. நூமிஸ்டா இணையதளத்தின் எண் உலகம் முழுதுக்கும் ஒன்றே, படத்தோடு ஒப்பிடவும் வசதி. இரண்டையும் எழுதி வையுங்கள். ஆனால் உங்கள் சொந்த எண்ணுக்கு இவை மாற்றாகாது.

தரத்தை நானே மதிப்பிடலாமா?

செய்யலாம். 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பெரிய சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைத்தான் இன்று தரச்சான்று நிறுவனங்கள் எல்லாக் காசுக்கும் பயன்படுத்துகின்றன. வீட்டுப் பட்டியலுக்கு அந்த நுணுக்கம் வேண்டாம் என்பேன். தலைமுடி வரிகள் தெரிகின்றனவா, எழுத்துகள் முழுதாக உள்ளனவா, கீறல் எங்கே, துளை உண்டா என்று சொல்லால் எழுதுங்கள். எண் போட்டுவிட்டு விவரம் எழுதாத பதிவால் காசு காணாமல்போனால் அடையாளம் சொல்லக்கூட முடியாது.

படம் எடுக்க நல்ல கேமரா வேண்டுமா?

கைப்பேசி போதும், ஒளிதான் முக்கியம். ஃபிளாஷை அணைத்துவிட்டு, விளக்குக்கும் காசுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத்தாள் ஒன்றைத் தடுப்பாக வையுங்கள். சாம்பல்நிறப் பின்னணி. கேமரா நேர்மேலே இருக்கட்டும். தேய்ந்த எழுத்தைப் படிக்க மட்டும் விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆண்டுகூட நிழலில் எழும்பி வரும். கோப்பின் பெயர் 0147-முன், 0147-பின் என்று இருந்தால் பிறகு தேடி அலைய வேண்டாம்.

போலியை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முரட்டுப் போலிகளைக் கண்டுபிடிக்கலாம். முதலில் காந்தம்: வெள்ளி, தங்கம், செம்பு ஒட்டாது. அமெரிக்காவின் 1943 சென்ட் எஃகு என்பதால் ஒட்ட வேண்டும். அதே ஆண்டின் அபூர்வச் செம்புச் சென்ட் என்று யாராவது நீட்டும் காசு காந்தத்தில் ஒட்டினால் அது முலாம் பூசியது. விளிம்பில் சுற்றிலும் ஓடும் தையல்கோடும், பரப்பில் ஊசித்துளைக் குமிழ்களும் வார்ப்புப் போலியின் அடையாளம்.

அடுத்தது அடர்த்தி. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து அளவைச் சுழியமாக்குங்கள். காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு. காசின் எடையை அதால் வகுங்கள். 27 கிராம் எடையுள்ள ஸ்பானிய எட்டு ரியால் காசு 2.62 காட்டினால் 10.3, வெள்ளிக்குப் பொருந்துகிறது. 3.0 காட்டினால் 9 வரும். அது செம்பும் நிக்கலும் கலந்த போலி என்று சந்தேகிக்கலாம். நூலை இறுக்கிக் கட்டிக் காசைக் கீறிவிடாதீர்கள்.

எட்டு ரியாலில் குட்டிக்குட்டியாக முத்திரைக் குத்துகள் இருந்தால் பயந்துவிட வேண்டாம். சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்து இட்ட குறிகள் அவை. ஒவ்வொன்றையும் படமெடுத்துப் பட்டியலில் சேருங்கள்.

எங்கே வாங்கியது என்ற விவரம் அவ்வளவு முக்கியமா?

தொன்மையான காசுகளுக்கு ஆமாம். கலாசாரச் சொத்துகளின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. அதற்கு முன்பே ஒரு காசு சேகரிப்பில் இருந்ததற்கான ரசீதோ உறையோ கடிதமோ இருந்தால், நாளை அதை நாடு கடந்து விற்கவோ அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவோ சிக்கல் குறையும். ஏற்றுமதிச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு என்பதால் அனுப்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காசை விற்றுவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா?

வேண்டாம். தேதி, யாரிடம் போனது, என்ன விலை என்று அதே வரியில் எழுதி, இடம் என்ற பத்தியில் 'வெளியே' என்று போடுங்கள். அந்த எண்ணை வேறு காசுக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது. பழைய படங்களும் உறைகளும் அந்த எண்ணில்தான் கிடக்கின்றன. கோப்பின் நகல் ஒன்றை வீட்டுக்கு வெளியே வையுங்கள், பெட்டி எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டும் அந்த நகலில் இல்லாமல்.